எத்தனை முறை முயன்றீர்கள்?

காசநோய்க்கு நல்ல காற்று வேண்டும் என்று கொலராடோ மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தவர் அமெரிக்கரான ஆல்ஃபிரட் கவுல்ஸ். குடும்பத்துப் பணத்தைப் பராமரிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அதற்காகப் பங்குச் சந்தை ஆலோசனை இதழ்களைச் சந்தா கட்டி வரவழைத்துப் படித்துவந்தார். 1929-இல் சந்தை சரிந்தபோது அந்த இதழ்கள் அவருக்கு உதவவில்லை. இவர்களால் உண்மையிலேயே சந்தையைக் கணிக்க முடிகிறதா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. 1928 ஜனவரி முதல் 1932 ஜூன் வரை 24 ஆலோசகர்கள் வெளியிட்ட கணிப்புகளைத் திரட்டினார். அவற்றை அப்படியே பின்பற்றிய ஒருவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டு, 1933-இல் ‘எக்கனோமெட்ரிகா’ இதழில் கட்டுரையாக்கினார்.

சராசரி ஆலோசகர் சோபிக்கவில்லை என்பது மட்டும் முடிவாக இருந்திருந்தால் அந்தக் கட்டுரையை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. கவுல்ஸ் ஒரு படி மேலே போனார். 24 பேரில் ஒருசிலர் நன்றாகவே கணித்திருந்தார்கள். அது திறமையா, அதிர்ஷ்டமா? சீட்டுக்கட்டைக் குலுக்கிச் சீட்டு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கணிக்கும் கற்பனை ஆலோசகர்களை அவர் உருவாக்கினார். நிஜ ஆலோசகர்களில் முதலிடம் பிடித்தவரை, சீட்டுக்கட்டு ஆலோசகர்களில் முதலிடம் பிடித்தவரோடு ஒப்பிட்டார். முதலிடத்துக்காரரின் கணக்கு, வெறும் தற்செயலில் கிடைக்கக்கூடியதைவிடப் பெரிதாக மேலே நிற்கவில்லை.

வென்றவரைச் சராசரியோடு ஒப்பிட்டால் அவர் மேதையாகத்தான் தெரிவார். எத்தனை பேர் களத்தில் இருந்தார்கள் என்று எண்ணி, அத்தனை பேரும் கண்ணை மூடி விளையாடினாலும் முதலிடம் பெறுபவர் எவ்வளவு எடுப்பார் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். கண்டுபிடிப்பு என்று ஒன்றை அறிவிப்பவர், அதை அடைய எத்தனை முறை முயன்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை மறைத்தால், மற்ற எல்லா எண்களும் சரியாக இருந்தாலும் அந்த அறிவிப்பு பொய்யாகிவிடும். மருந்து ஆய்வு இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. பயிர் மரபியலும் ஓரளவு கற்றுக்கொண்டது. நம் சேமிப்பைக் கையாளும் முதலீட்டு உலகம் இன்னும் கற்கவில்லை.

சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் இந்த மூன்று துறைகளும் புள்ளியியல் சோதனை என்ற ஒரே கருவியைக் கையில் வைத்திருக்கின்றன. அதை வடித்தெடுத்தவர்களில் முதன்மையானவர் ரொனால்ட் ஃபிஷர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு லண்டனில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் புள்ளியியலாளராக வேலை பார்த்தவர் அவர். 1918-இல் மெண்டலின் மரபியலையும் உயரம், எடை போன்ற தொடர் பண்புகளின் கணக்கையும் இணைத்துக் காட்டும் கட்டுரையை எழுதினார். மறு ஆண்டே ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கே 1843 முதல் நடந்துவந்த உரச் சோதனைகளின் விளைச்சல் கணக்குகள் குவிந்து கிடந்தன. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்க வேண்டும், ஒரே உரத்தைப் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப இட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கு அந்த வயல்களிலிருந்துதான் உலகுக்குப் போனது.

ஒரு வித்தியாசம் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவு என்றால் அதைக் கவனத்தில் கொள்ளலாம் என்று 1925-இல் வெளிவந்த தம் நூலில் ஃபிஷர் ஓர் அளவுகோலைச் சொன்னார். வசதிக்காக வைத்த கோடு அது. அடுத்த ஆண்டே, ஒழுங்காகத் திட்டமிட்ட சோதனையைத் திரும்பச் செய்யும்போது அந்தக் கோட்டைத் தாண்டத் தவறுவது அரிதாக இருந்தால்தான் ஒன்றை நிரூபணமானதாகக் கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். முதல் பாதியை உலகம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் பாதி காற்றோடு போயிற்று.

இருபதில் ஒன்று என்ற கோட்டின் ஆபத்து எளிய பெருக்கலில் தெரியும். எந்தப் பயனும் இல்லாத 20 மருந்துகளைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்றாவது ‘பலன் தருகிறது’ என்று தேறிவிடும் வாய்ப்பு 64 சதவீதம். நூறு மருந்துகள் என்றால் 99 சதவீதத்துக்கும் மேல். தேறியதை மட்டும் கட்டுரையாக்கி, தேறாதவற்றை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டால், எந்த எண்ணையும் திருத்தாமலேயே ஒரு பொய்யை உலகுக்குச் சொல்லிவிடலாம். சுவரில் அம்பை எய்துவிட்டு, அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

மருத்துவத்தில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு மனச்சோர்வு மருந்துகளின் கதை போதும். 12 மருந்துகள் தொடர்பாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை 2008-இல் ஒரு குழு தேடி எடுத்தது. அந்த அமைப்பின் மதிப்பீட்டில் 38 ஆய்வுகள் சாதகமானவை, 36 அப்படி அல்லாதவை. சாதகமான 38-இல் 37 இதழ்களில் வெளிவந்தன. மற்ற 36-இல் 22 வெளிவரவே இல்லை. 11, சாதகமானவை போலத் தோன்றும்படி எழுதப்பட்டு வெளிவந்தன. மூன்று மட்டுமே உள்ளது உள்ளபடி வெளிவந்தன. இதழ்களைப் படித்து மருந்து எழுதும் மருத்துவருக்கு 94 சதவீத ஆய்வுகள் வெற்றி என்று தெரியும். உண்மையில் வென்றவை பாதிதான். அந்த மருந்துகள் பயனற்றவை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அவற்றின் பலன் ஊதிப் பெருக்கப்பட்டது என்றது. மருந்துச் சீட்டு எழுதிய மருத்துவருக்கும், அதை வாங்கிப் போன நோயாளிக்கும் அது தெரிய வழியே இருக்கவில்லை. இதைப் படித்துக் கோபம் வராவிட்டால்தான் வியப்பு.

இதற்கு மருத்துவ உலகம் கண்ட மருந்து எளியது. சோதனையைத் தொடங்கும் முன்பே, எதை அளக்கப்போகிறோம், எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் என்பதைப் பொதுப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட வேண்டும். அமெரிக்காவில் அப்படியொரு பதிவேடு 2000-இல் திறக்கப்பட்டது. பதிவு செய்யாத சோதனைகளை வெளியிட மாட்டோம் என்று முன்னணி மருத்துவ இதழ்கள் 2005-இல் கதவை அடைத்தன. இந்தியாவின் பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் இங்கே மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயம்.

இதன் விளைவை அளந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், இரத்த ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய பெரிய இதய நோய்ச் சோதனைகளை 2015-இல் இரண்டு ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தினார்கள். 2000-க்கு முன் வெளியான 30-இல் 17 சோதனைகள் பலன் கண்டதாகச் சொன்னவை. அதற்குப் பிறகு 25-இல் இரண்டு மட்டும். நல்ல மருந்துகள் திடீரென்று தீர்ந்துபோய்விட்டன என்று இதற்கு அர்த்தமில்லை. எதை அளப்போம் என்பதை முன்கூட்டியே அறிவித்த பிறகு, வந்த முடிவுகளில் நல்லதைப் பொறுக்கி எடுக்க வழியில்லாமல் போனதுதான் இந்த வித்தியாசத்துக்குப் பெரும் காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

பதிவேடுகள் வரும் முன்பே ஒழுங்காக நடந்த சோதனைகளும் உண்டு. அவற்றில் மிகச் சிறந்த ஒன்று சென்னையில் நடந்தது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. அதற்கு முன்னோடி ஒன்று உண்டு: 1948-இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் குலுக்கல் முறையில் 107 காசநோயாளிகளிடம் சோதித்த முடிவு வெளிவந்தது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் நான்கு பேர் இறந்தார்கள்; படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். அதை வடிவமைத்த புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில்லும் இளமையில் காசநோயில் கிடந்து எழுந்தவர். எந்த நோயாளிக்கு எது என்பது உறையில் ஒட்டி மூடப்பட்டிருந்தது; மருத்துவரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை.

அதே முறையோடு 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. முன்னின்று நடத்தியவர் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரே கேள்வி: காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா? நகரின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் அதே மருந்துகள். ஒரு பக்கம் நல்ல உணவு, ஓய்வு, செவிலியர். மறுபக்கம் நெரிசலான ஒற்றை அறை, அரைவயிற்றுச் சாப்பாடு, அன்றாட வேலை. ஓர் ஆண்டுக்குப் பிறகு வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். வீட்டாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடிவிடவில்லை. 1959-இல் முடிவு வெளிவந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும், ஏழை நாடுகள் வீட்டுச் சிகிச்சையைத் துணிந்து கையில் எடுத்ததற்கும் அது அடித்தளம். கேள்வி முதலில் எழுதப்பட்டது, பதில் பிறகு வந்தது. அதனால்தான் அந்தப் பதிலை உலகம் நம்பியது.

இனி வயலுக்கு வருவோம். நெல்லில் விளைச்சலையோ வறட்சி தாங்கும் திறனையோ தீர்மானிக்கும் மரபணுப் பகுதியைத் தேடுகிறவர், இரண்டு ரகங்களை இனக்கலப்புச் செய்து, வாரிசுச் செடிகளை வளர்த்து, நூற்றுக்கணக்கான இடங்களில் மரபுத் தொடரைப் பார்த்து, எந்த இடம் பண்போடு ஒத்துப்போகிறது என்று சோதிக்கிறார். ஒவ்வோர் இடமும் ஒரு சோதனை. சிறிய எண்ணிக்கையில் செடிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் என்ன ஆகும் என்று 1990-களில் பயிர் மரபியலாளர் வில்லியம் பீவிஸ் கணினியில் நடத்திக் காட்டினார். நூறு வாரிசுகளை மட்டும் வைத்துத் தேடினால், உண்மையாகவே இருக்கும் மரபணுப் பகுதியைக் கண்டுபிடித்தாலும், அதன் வலிமை பல மடங்கு மிகையாகத் தெரியும். ஐந்நூறு என்றால் சற்று மிகை. ஆயிரம் என்றால் உண்மைக்கு அருகில். வடிகட்டியைத் தாண்டி வந்ததாலேயே அந்த எண் ஊதியிருக்கிறது; கவுல்ஸின் முதலிடத்துக்காரரைப் போல.

மனித மரபியல் இதில் பட்ட அடி இன்னும் கடுமை. மனச்சோர்வுக்குக் காரணம் என்று பல்லாண்டு காலம் பேசப்பட்ட 18 மரபணுக்களை, பல லட்சம் பேரின் தரவுகளில் 2019-இல் சோதித்தபோது எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான கட்டுரைகளும், அவற்றை நம்பி வாங்கிய நிதியும் வீண். இன்று மனித மரபுத்தொகுதி முழுவதையும் துழாவும் ஆய்வாளர்கள் இருபதில் ஒன்றைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவர்களின் கோடு இரண்டு கோடியில் ஒன்று. பத்து லட்சம் இடங்களைத் தேடுகிறோம் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கேற்றபடி கோட்டை உயர்த்தினார்கள். அந்த நேர்மை அந்தத் துறையைக் காப்பாற்றியது.

பயிர் ஆய்வில் வேறொரு காவல் உண்டு, அது நம் ஆய்வு நிலையங்களின் அன்றாடம். ஒரு நெல் ரகம் ஆடுதுறையிலோ கோவையிலோ நன்றாக விளைந்துவிட்டது என்பதற்காக வெளியே வந்துவிடாது. நிலையத்துக்குள் ஒப்பீட்டு ரகத்தோடு போட்டி, பிறகு பல இடங்களில் சோதனை, பிறகு உழவர் வயலில் திடல். 1965-இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் திட்டத்துக்கு அனுப்பினால், ரகம் தன் பெயரை இழந்து ஐ.இ.டி. (தொடக்க மதிப்பீட்டுச் சோதனை) எண்ணாகிவிடும். வெவ்வேறு மாநிலங்களில், வெவ்வேறு மண்ணில், குறைந்தது மூன்று ஆண்டுகள். பாத்தியின் ஓர வரிசைகளை ஒதுக்கிவிட்டுத்தான் அறுத்து எடை போடுவார்கள், ஓரத்துச் செடிக்கு வெளிச்சமும் உரமும் கூடுதலாகக் கிடைத்து விளைச்சல் மிகையாகத் தெரியும் என்பதால். ஒரு சம்பாவில் கிடைத்த அதிர்ஷ்டம் மூன்று சம்பாவில் நீடிக்காது. ஃபிஷர் சொன்னதில் உலகம் மறந்த இரண்டாம் பாதியை, பெரிய பேச்சு எதுவும் இல்லாமல் கடைப்பிடிப்பவர்கள் நெல் வயலில் நிற்கும் இந்த ஆய்வாளர்கள்தான்.

இப்படி எல்லா வடிகட்டியையும் தாண்டி நின்ற ஒரு மரபணு, வெள்ளம் தாங்கும் சப்-1. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்தது. ஒன்பதாவது குரோமோசோமில் அதன் இடம் 1996-இல் குறிக்கப்பட்டபோது, நீரில் மூழ்கித் தப்பும் திறனில் ஏறத்தாழ 70 சதவீத வேறுபாட்டை அது ஒன்றே விளக்கியது. பத்தாண்டு கழித்து மரபணுவே அடையாளம் காணப்பட்டது. அதைப் புகுத்திய சுவர்ணா-சப்1 ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியானது. அதே மரபணுவைத் தாங்கிய சி.ஆர். 1009 சப்-1 நம் டெல்டாவிலும் இருக்கிறது. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் வடிந்த பிறகு துளிர்க்கும்.

அதோடு நிறுத்தாமல், பொருளாதார ஆய்வாளர்கள் ஒடிசாவின் கடலோரத்தில் 128 கிராமங்களை எடுத்து, குலுக்கல் போட்டு, சிலருக்கு மட்டும் ஐந்து கிலோ விதைப் பைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளம் வந்த வயலில் விளைச்சல் காப்பாற்றப்பட்டது. வெள்ளம் வராத வயலில் விளைச்சல் குறையவில்லை. தாழ்வான, தண்ணீர் தேங்கும் நிலங்கள் தலித் உழவர்களிடமே அதிகம் இருந்ததால், அவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. இன்னொன்றும் நடந்தது. பயிர் மூழ்கிப் போகுமோ என்ற பயம் குறைந்ததும் உழவர்கள் உரத்துக்குக் கூடுதலாகச் செலவு செய்தார்கள், கடன் வாங்கித் துணிந்து பயிர் வைத்தார்கள். காப்பீடு செய்ய வேண்டிய வேலையை ஒரு விதை செய்தது. மருந்துச் சோதனையின் முறை, பயிர் மரபியலின் கண்டுபிடிப்பு, முதலீட்டின் கேள்வி மூன்றும் ஒரே வயலில் சந்தித்த அழகான ஆய்வு அது.

முதலீட்டு உலகத்துக்கு வருவோம். எந்தப் பங்கு அதிக லாபம் தரும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் காரணிகள் என்று கல்விப்புல இதழ்களில் அறிவிக்கப்பட்டவற்றை நிதியியல் பேராசிரியர் காம்ப்பெல் ஹார்வியும் இரு சகாக்களும் 2016-இல் எண்ணினார்கள்: 316. எல்லாரும் ஒரே சந்தை வரலாற்றைத்தான் துழாவினார்கள். இத்தனை பேர் தோண்டிய பிறகு இருபதில் ஒன்று என்ற கோடு செல்லாது, குறைந்தது 370-இல் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். வழியை மருத்துவத்திடமும் மரபியலிடமும்தான் கடன் வாங்கினார்கள். அதே ஆண்டு வேறு இருவர் 97 காரணிகளை எடுத்து, கட்டுரை வெளியான பிறகு அவை தந்த லாபம் முன்பு காட்டியதைவிட 58 சதவீதம் குறைந்துவிட்டதைக் காட்டினார்கள். 2020-இல் 452 காரணிகளைத் திரும்பச் சோதித்தபோது 65 சதவீதம் பழைய, எளிய கோட்டையே தாண்டவில்லை. பெரும்பாலான காரணிகள் உண்மையானவையே என்று 2023-இல் வாதிட்டவர்களும் உண்டு; விவாதம் முடியவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் விவாதத்துக்கு இடமில்லை. மருத்துவருக்கு அடுத்த ஆண்டு புது நோயாளிகள் வருவார்கள். நெல் ஆய்வாளருக்கு அடுத்த குறுவை வரும், வேறு மண் கிடைக்கும். பங்குச் சந்தைக்கு இருப்பது ஒரே வரலாறு. அதில் ஆயிரம் சூத்திரங்களைப் பொருத்திப் பார்த்து, பொருந்தியதை எடுத்துக்கொண்ட பிறகு, சோதிக்க மிச்சம் ஏதுமில்லை. அமெரிக்கச் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் 75 சதவீதத்தை பங்களாதேஷின் வெண்ணெய் உற்பத்தி விளக்குகிறது என்று டேவிட் லைன்வெபர் என்ற முதலீட்டு நிபுணர் ஒருமுறை காட்டினார். தேடினால் எதுவும் பொருந்தும் என்று எச்சரிக்கத்தான் அதைச் செய்தார். புதிய தரவு மிகக் குறைவாகக் கிடைக்கும் துறையில்தான் முயற்சிகளின் எண்ணிக்கையை மிகக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நடப்பது இதற்கு நேர் எதிர்.

ஒரு பங்குக் குறியீட்டைப் பின்பற்றி இன்று புதிதாக வரும் பல இண்டெக்ஸ் ஃபண்டுகளின் விளம்பரத்தில் 2005 முதல் ஓடும் வரைபடம் இருக்கும். அந்தக் குறியீடு தொடங்கப்பட்டதோ சமீபத்தில். அதற்கு முந்தைய வரலாறு முழுவதும் பின்னோக்கிப் போட்ட கணக்கு. அந்தச் சூத்திரத்தைத் தேர்வதற்கு முன் எத்தனை சூத்திரங்களைப் போட்டுப் பார்த்துத் தள்ளினார்கள் என்று எங்கும் எழுதியிருக்காது. நன்றாக ஓடாத திட்டங்கள் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்டு, அவற்றின் தோல்விக் கணக்கு கண்ணில் படாமல் போகிறது. கணினிச் சூத்திரத்தால் நடக்கும் அல்கோ வணிகத்தை விற்பவர் காட்டும் பேக்டெஸ்ட் என்ற பின்னோக்குக் கணக்கிலும் இதே கதை. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே 2024-இல் அறிவித்தது. அவர்களில் எத்தனை பேர் ஒரு நேர்த்தியான வரைபடத்தைப் பார்த்து நம்பி வந்தவர்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஆலோசகர்கள் சொல்லும் கடந்தகால லாபத்தைச் சரிபார்க்கத் தனி அமைப்புக்கு 2025-இல் செபி வழிவகுத்திருப்பது நல்ல தொடக்கம். அது போதாது. முயன்று கைவிட்ட சூத்திரங்களின் எண்ணிக்கையும் திட்ட ஆவணத்தில் அச்சாக வேண்டும்.

இப்படிப் பதிவு கேட்பது தேடலின் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்ற எதிர்ப்பு மூன்று துறைகளிலும் உண்டு. பல நல்ல கண்டுபிடிப்புகள் எதையோ தேடப்போய் வேறெதையோ கண்டதால் வந்தவைதான். தாராளமாகத் தேடட்டும். தேடிக் கண்டதைத் தேடிக் கண்டது என்று எழுதட்டும், புதிய தரவில் சோதித்த பிறகு நிரூபணம் என்று சொல்லட்டும்.

நம் பல்கலைக்கழகங்கள் இதற்காக யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. முனைவர் பட்ட ஆய்வுத் திட்டங்களைத் தொடக்கத்திலேயே வைக்க ‘ஷோத்கங்கோத்ரி’ என்ற மின்களஞ்சியம் இருக்கிறது. முடித்த ஆய்வேடுகளை வைக்க ‘ஷோத்கங்கா’ இருக்கிறது. வாய்மொழித் தேர்வு நாளில் தேர்வாளர் மேசையில் இரண்டையும் அருகருகே வைக்கச் சொல்லலாம். திட்டத்தில் ஐந்து கேள்வி, ஆய்வேட்டில் ஒன்று என்றால் மற்ற நான்கின் முடிவு என்ன என்று கேட்கலாம். அந்த நான்கும் ‘பலன் இல்லை’ என்று வந்திருந்தால், அதை எழுதிய மாணவருக்கும் பட்டம் தர வேண்டும். பயனில்லை என்று தெரிந்த ஒரு பூச்சிமருந்துச் சோதனையை எழுதிவைக்காவிட்டால், அதையே இன்னொரு மாணவர் இன்னொரு மாவட்டத்தில் மூன்று ஆண்டு செலவழித்துத் திரும்பச் செய்வார்.

முதலீட்டாளர் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இண்டெக்ஸ் ஃபண்டு வாங்கும் முன் அந்தக் குறியீட்டின் தகவல் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் அடிப்படைத் தேதி என்றும் தொடங்கிய தேதி என்றும் இரண்டு தேதிகள் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை வரைபடத்தில் விரலால் மூடிவிட்டு, மிச்சமிருப்பதை மட்டும் வைத்துப் பணம் போடலாமா என்று முடிவு செய்யுங்கள்.